புல்லேய் என்று கூப்பிட்டவள்

கொள்ளிடம் கடலுக்குப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், இனிமேல் ஓடி என்ன ஆகப்போகிறது என்று சலித்துப்போய் இரண்டாகப் பிரிந்து படுத்துக்கொள்கிற இடத்தில், கோரைத்திட்டு என்று ஒரு ஊர் இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது, பாலத்தில் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பின்பக்கமாக நடக்கத் தெரிந்திருந்தால் போதும்.

பாலம் வருவதற்கு முன்னால் திட்டுக்காரர்களுக்கு ஆற்றைத் தவிர வேறு பகை கிடையாது. மேட்டூரில் மதகைத் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் இங்கே பாயைச் சுருட்டுவார்கள், கோழியைக் கூடையில் அடைப்பார்கள், படகை இழுத்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு அக்கரையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் பாலம் கட்டித் தருகிறோம் என்று படகில் வந்து சொல்லிவிட்டுப் படகிலேயே திரும்பிப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான், அவர்களில் பாதிப் பேர் படகிலேயே ஏறவில்லை, அக்கரையில் நின்று ஆற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ண எடுத்தா ஆத்தையும் சேத்துல்ல எடுக்கணும்" என்று சொல்லி, வாங்கி வந்த பூவையும் பழத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படித் திரும்பிப் போன பூவில் பெரும்பங்கு வேம்புக்கு வந்திருக்க வேண்டியது. வேம்பு மருதப்பனின் ஒரே மகள், முப்பது தாண்டிய பெண், புல் விற்கிறவள். விடியலில் திட்டில் புல் அறுத்து, புல்லையே திரித்துப் புரியாக்கிக் கட்டி, முதல் படகில் அக்கரைக்குப் போய், மாடு வைத்திருக்கிற வீடுகளின் தெருவில் "புல்லேய்... புல்லு" என்று கூவிக்கொண்டு போவாள். அந்தக் கூவலைக் கேட்டால் கட்டுத்தறியில் மாடுகள் எழுந்து நிற்கும், காற்று தோதாக இருந்தால் திட்டில் இருக்கிற மருதப்பனுக்கும் கேட்கும், ஏனென்றால் குரலுக்குப் படகு வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு வருஷம் உண்மையாகவே பாலவேலை தொடங்கியது. வடக்கே பீகாரிலிருந்து ஆட்கள் வந்து அக்கரையில் தகரக் கொட்டகை போட்டார்கள், நாகர்கோவிலிலிருந்து ஜோசப் என்று ஒரு சூப்பர்வைசர் வந்தார், ஆற்றுக்குள் தூண்கள் எழும்பின. கம்பி கட்டுகிறவர்களில் லோச்சன் என்று ஒருவன், கோசி என்கிற ஆற்றங்கரையில் பிறந்தவன், திட்டுப் பக்கத்துத் தூணின் சாரத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பெண் புல் புல் என்று கூவிக்கொண்டு படகுக்குப் போவதைக் கேட்டான். பாலம் பாலம் என்று இந்த அம்மாள் ஏன் கூவுகிறாள், ஏதாவது இடிந்து விழுந்துவிட்டதா என்று பதறி இறங்கி வந்தான். அவன் பாஷையில் பாலத்துக்குப் பெயர் புல்.

"புல்?" என்று தூணைக் காட்டினான்.

"அதுவா புல்லு? இதுதாங்க புல்லு" என்று வேம்பு தலையிலிருந்த கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அன்றைக்கு முழுக்கத் திட்டில் இதுதான் பேச்சு. ஜோசப் சங்கிலி போட்டுக் கம்பிக்கட்டைத் தூக்கும்போது "புல், புல்" என்று இங்கிலீஷில் கத்தினால் இழு என்று அர்த்தமாம். குவைத்துக்குப் போய்வந்து ஊரில் கடை வைத்திருந்த பக்கிரிசாமி, யார் எதைச் சொன்னாலும் குவைத்தில் அது வேறு மாதிரி என்று சொல்லக்கூடியவர், தன்னோடு வேலை பார்த்த உஸ்பெக்காரன் ஒருவன் காசைத்தான் புல் என்பான் என்று சத்தியம் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். மருதப்பன் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே, "எல்லாம் புல்லுதான், எது நம்ம ஊருக்கு வந்து சேருதுன்னு பாப்பம்" என்றார்.

லோச்சன் அதற்குப் பிறகு தினமும் படகுத்துறைப் பக்கம் வந்தான். அவள் புரி திரிப்பதைப் பார்த்தான், அவன் கம்பியை முறுக்கி முடிச்சுப் போடுவதை அவள் பார்த்தாள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கைவேலை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. எங்கள் ஊரிலும் ஆறு உண்டு, பாலம் கட்டக் கட்ட ஆறு சாப்பிட்டுவிடும் என்று அவன் அரைத் தமிழிலும் மீதியைக் கையாலும் சொன்னான். வந்த புதிதில் வேலையாட்கள் எல்லாரையும் போல அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். ஒருநாள் அதை விட்டுவிட்டான். வேறு எதுவும் போட்டுக் கூப்பிடவும் இல்லை. விட்டுவிட்டான் என்பதை வேம்பு கவனித்தாள், அவளுக்கு முன்னாலேயே ஊர் கவனித்திருந்தது.

அடுத்த ஐப்பசியில் வேலை நின்றது. காண்டிராக்டர் ஏதோ காரணம் சொல்லிப் போய்விட்டார், தூண்கள் மட்டும் தலையில் ஒன்றும் சுமக்காமல் ஆற்றில் நின்றன, நாளை மதியம் லாரி வரும், எல்லாரும் ஏறி ரயிலடிக்குப் போங்கள் என்று வேலையாட்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அதே நாளில்தான் மேட்டூரும் திறந்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, படகு வேப்பமரத்துக்குப் போய்விட்டது, வேம்பு இக்கரையிலும் லோச்சன் அக்கரையிலும் நின்றார்கள்.

அந்தி சாய்கையில் அவள் படகுத்துறைக்கு வந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும். அதை அவன் பாஷையில் எப்படிச் சொல்வது என்று தெரியாது, தன் பாஷையில் சொல்லவோ கூச்சமாக இருந்தது, ஊரே கரையில் உட்கார்ந்து வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு மதியத்துக்குப் பிறகு இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருந்தும் பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வாயில் வந்தது பழகிய சொல்தான். "புல்லேய்..." என்று கூவினாள். ஆற்றுக்கு அப்பாலிருந்து, "புல்" என்று பதில் வந்தது. அவள் மறுபடியும் கூவினாள், அவன் மறுபடியும் சொன்னான், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்த ஒரு சொல் வெள்ளத்துக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தது.

"யாருக்குடி இந்த நேரத்துல புல்லு விக்கிற?" என்று பக்கத்து வீட்டுச் சொர்ணம் கேட்டாள். சொர்ணம் அதைப் பதிலுக்காகக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது பாலம் இருந்தது. இரண்டு கரையிலும் இருந்த அருகும் கோரையும் நாணலும் அவரவர் பக்கத்திலிருந்து கிளம்பி, தூண்களின் தலையில் கால் ஊன்றி, நடு ஆற்றில் சந்தித்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று கிடந்தன. ஓரம் முழுக்கப் புரி திரித்திருந்தது, குறுக்கே முழுக்கக் கம்பி முடிச்சு போட்டிருந்தது. முதலில் பார்த்தது சொர்ணம். வாசல் தெளித்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டு பாரு, இத்தன வருசம் கழிச்சு" என்று, காலதாமதமாக வந்த பஸ்ஸைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை, வேலை தலைக்கு மேல் இருந்தது. நாட்டாமை சிங்காரவேலு தன் போனை எடுத்துச் சத்தமாகப் பேசும்படி வைத்துக்கொண்டு, பாலத்தைக் கவனிக்கிற ஆபீஸுக்கு முதலில் பேசினார்.

"எங்க ரெக்கார்டுல அங்க பாலம் இல்லியே" என்றார் ஆபீஸ்காரர்.

"இல்லாமத்தாங்க இருந்துச்சு. இப்ப இருக்கு."

"எதுல கட்டிருக்கு?"

"புல்லுலதாங்க."

"புல்லுன்னா அது மேய்ச்சல் நிலமாச்சே. வேற ஆபீஸுக்குல்ல பேசணும்" என்று அவர் வைத்துவிட்டார். அந்த வேறு ஆபீஸுக்குப் பேசினால், ஆற்றுக்கு மேலே மேய்ச்சல் நிலம் எங்களுக்குக் கிடையாது என்றார்கள்.

அதற்குள் அவரவர் அவரவர் சொல்லுக்கு ஏற்றபடி பாலத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். அக்கரையில் ஜோசப், எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று சங்கிலியை மாட்டி ஆட்களை விட்டு "புல், புல்" என்று இழுக்க வைத்தார். அது அசைந்துகொடுத்ததே தவிர அறுந்துகொடுக்கவில்லை. பக்கிரிசாமி கடையிலிருந்து ஒரு நாற்காலியையும் தகர டப்பாவையும் கொண்டுவந்து பாலத்தின் முனையில் போட்டு, சுங்கம் வாங்க உட்கார்ந்துவிட்டார். மாடு வைத்திருக்கிறவர்கள் அரிவாளோடு வந்து, ஓரத்தில் ஒரு கை அறுத்துக்கொண்டால் பாலம் ஒன்றும் குறைந்துபோகாது என்று ஆளுக்கு ஆள் நியாயம் பேசினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்களே தவிர, அதில் நடப்பது என்கிற யோசனை லோச்சன் ஒருவனுக்குத்தான் வந்தது. அவன் தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கரையில் காலைத் தூக்கினான்.

"கால எடுக்கச் சொல்லுங்க" என்று நாட்டாமை போனில் ஜோசப்பிடம் அலறினார். "பசுவும் கன்னும் போவாம மனுசன் கால வைக்கக்கூடாது."

அது திட்டின் வழக்கம். புதுவீட்டில் பசு நுழைகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. திட்டில் புதுப்படகு விட்டால்கூடக் கன்றை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் மனிதர் ஏறுவார்கள். ஆற்றின் மேலே போகிற எதிலும் மனுசன் முதலில் கால் வைத்தால் ஆறு அவனைத் தன்னுடைய ஆள் என்று நினைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட பாடம். லோச்சன் காலை எடுத்துக்கொண்டான். அவன் ஊரிலும் ஆறு இருந்ததால் அவனுக்கு அது புரிந்தது.

திட்டில் கன்றோடு இருந்த பசு வேம்புவின் செவப்பி மட்டும்தான். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கொம்புக்குச் சாமந்திப் பூவைச் சுற்றினார்கள்; சுற்றுகிறவர்கள் கையிலிருந்தே அதில் பாதியை அது தின்றது. அப்போதே ஊர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நாதஸ்வரம் இல்லாததால் சொர்ணம் குலவை போட்டாள், செவப்பி தயங்கித் தயங்கிப் பாலத்தில் கால் வைத்தது, ஊர் கையெடுத்துக் கும்பிட்டது, செவப்பி தலையைக் குனிந்து பாலத்தை மேய ஆரம்பித்தது.

உலகத்தில் எத்தனை பாஷை இருந்தாலும் மாட்டுக்குப் புல் என்றால் ஒன்றுதான். முதல் வாய்க்கு ஓரம் போயிற்று, அடுத்த வாய்க்குக் கீழே ஓடுகிற ஆறு தெரிந்தது. அடிக்கப் பார்த்தால் சாமியாகக் கும்பிட்ட மாட்டை அடிப்பதா என்றார்கள். வாய்க்கூடை மாட்டலாம் என்றால் மங்கல காரியத்துக்குப் போகிற மாட்டின் வாயைக் கட்டினால் குலம் விளங்குமா என்றார்கள். பசு போகாமல் மனுசன் போகக்கூடாது, பசு போனால் பாலம் இருக்காது. நாட்டாமை தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, இந்த மாதிரி ஒரு வழக்கம் ஏற்படுத்திய பாட்டனாரைக் கொஞ்ச நேரம் மௌனமாகத் திட்டினார். அக்கரையில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. கொட்டகை ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கிப் போட்டு ஏறினார்கள்.

ஹாரன் வேம்புக்கும் கேட்டது. இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் அந்தக் கரையிலிருந்து திரும்பிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள், ஒருவருக்காகவும் அழுததில்லை. இன்றைக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, நேற்று விற்காமல் கிடந்த புல்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கிரிசாமியின் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, செவப்பிக்கு முன்னால் போய், கட்டை அதன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஒரு அடி வைத்தாள். செவப்பி பாலத்தை விட்டுவிட்டுக் கட்டைக் கடித்தது. அவள் இன்னொரு அடி பின்னால் வைத்தாள். செவப்பி பின்தொடர்ந்தது, செவப்பியின் பின்னால் கன்று தொடர்ந்தது.

"நாட்டாமை, இது என்னா நியாயம்?" என்றார் கீழே விழுந்து எழுந்த பக்கிரிசாமி. "மாட்டுக்கு முன்னால போறது வேம்புல்ல? வழக்கம் போச்சே."

நாட்டாமை வேம்புவையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும், திரும்பிப் போன பூக்களையும் தெரியும்.

"ஏம்ப்பா, ஒரு ஆளு ஒரு எடத்துக்குப் போறான்னா மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்?"

"போற பக்கம்."

"வேம்பு மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு?"

"நம்ம பக்கம்."

"அப்ப அவ எங்கயும் போவல, நம்ம ஊர்லதான் நிக்கிறா. அக்கரையப் பாத்துப் போறது மாடு. மாடுதான் முதல்ல போவுது."

ஊர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை மனசுக்குள் திருப்பிப் பார்த்தது, எங்கேயும் ஓட்டை இல்லை என்று ஒத்துக்கொண்டது. சொர்ணம் விட்ட இடத்திலிருந்து குலவையைத் தொடர்ந்தாள்.

வேம்புக்கு அது எதுவும் கேட்கவில்லை. பாலம் தொட்டில்போல ஆடியது, கீழே ஆறு அடித்துக்கொண்டு போனது, முன்னால் அப்பனும் ஊரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள், பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் தீர்ப்பு கெட்டுவிடும். ஒவ்வொரு அடிக்கும் செவப்பி ஒரு வாய் தின்றது. ஒவ்வொரு வாய்க்கும் கட்டு இளைத்தது. கடைசித் தூணைக் கால் தடவிக் கண்டுபிடித்தபோது கையில் புரி மட்டும்தான் மிச்சம் இருந்தது, செவப்பி அதையும் உருவிக்கொண்டது, உருவிக்கொண்டு வெறுங்கையை நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தது. வேம்புவின் காலடியில்தான் அதற்கு அடுத்த பச்சை இருந்தது.

அவள் வேறு என்ன செய்வாள், கூவினாள். "புல்லேய்..."

அக்கரையில் லாரியில் ஏறாமல் நின்ற ஒரே ஆள் லோச்சன். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றபோது அவன் மாட்டின் வாயைப் பார்த்து, கட்டு பத்தாது என்று கணக்குப் போட்டு, கரையோரத்துப் புல்லைக் கையால் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தான், கம்பி முடிச்சில் அல்ல, அவள் திரிக்கிற மாதிரியே புரி திரித்து. அந்தக் கட்டை இரண்டு கையாலும் சுழற்றி எறிந்தான். அது வேம்புவின் தலைக்கு மேலே போய், அவள் நீட்டிய கைக்கும் செவப்பியின் கொம்புக்கும் நடுவில் விழுந்தது. செவப்பி தலையை நிமிர்த்தியது.

மிச்ச தூரமும் அவள் பின்பக்கமாகவே நடந்தாள், முதுகு எதிலோ மோதும் வரைக்கும் நடந்தாள். மோதியது சுவரல்ல, மூச்சு விடுகிற மார்பு. அதற்கு மேல் அவள் நடக்கவில்லை. செவப்பி அக்கரையில் கால் வைத்து, கடமை முடிந்தது என்பதுபோல ஒரு கூடை சாணம் போட்டது. திட்டிலிருந்து எழுந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. சொர்ணம் அழுதாள், நாட்டாமை தலைப்பாகையைத் தூக்கி ஆற்றில் எறிந்தார், பக்கிரிசாமி தகர டப்பாவைத் தாளம் போட எடுத்துக்கொண்டார்.

"லோச்சன், லாரி கிளம்புது. வாறியா?" என்று ஜோசப் கேட்டார்.

லோச்சன் வேம்புவைப் பார்த்தான். வேம்பு கன்றைப் பார்த்துக்கொண்டே, "மாட்ட திருப்பி ஓட்டிட்டுப் போவணும். பால் கறக்குற நேரமாச்சு. கட்டு புடிக்க ஒரு ஆளு வேணும்" என்றாள். அவனுக்கு அதில் பாதி புரிந்தது. பாதி போதுமானதாக இருந்தது.

இருந்த கரைப்புல்லை எல்லாம் அறுத்து இன்னும் பெரிய கட்டாகக் கட்டினார்கள். இந்த முறை கட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தவன் லோச்சன். அவனுக்கு எதிரே செவப்பி, செவப்பியின் பின்னால் கன்று, கன்றுக்கும் பின்னால் வேம்பு. வழக்கமாகப் புல்கட்டுச் சுமக்கிற தலையில் அவனுடைய தகரப்பெட்டியைச் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு வந்தாள். காலையில் செவப்பி கடித்த இடத்துக்கு வந்தபோது அங்கே ஓட்டை இல்லை, மற்ற இடத்தைவிட அடர்த்தியாகத் தழைத்திருந்தது. புல் மேயமேயத்தான் தழைக்கும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான், பயத்தில் ஊர் மறந்திருந்தது. அதனால்தான் இன்றைக்கும் திட்டின் மாடுகளை முறைவைத்துப் பாலத்தில் மேய விடுகிறார்கள், ஆபீஸ்களும் இன்றைக்கும் அது யாருடையது என்று ஒன்றுக்கொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கரை சேர்ந்ததும் லோச்சனின் முதுகை மருதப்பன் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். "மாடு வந்த வழியில மருமவனும் வரட்டும்" என்று நாட்டாமையிடம் சொன்னார். அவர் வெற்றிலை இல்லாத வாயோடு பேசி ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பக்கிரிசாமிக்கு மனசு கேட்கவில்லை. "நாட்டாமை, அதே தீர்ப்புப்படி பாத்தா இந்தப் பையனும் இஞ்ச வரலயே. மூஞ்சி வடக்கத்தான இருந்துச்சு, அவங்க ஊரப் பாத்து?"

"ஆமா" என்றார் நாட்டாமை. வெறுந்தலையோடு இருந்தாலும் கம்பீரமாகத்தான் சொன்னார். "அவன் அவன் ஊரவிட்டு வரல. அவன் ஊர்லயேதான் இருக்கான். நம்ம ஊருதான் அவன் முதுகுக்கு வந்து சேந்துருக்கு. இனிமே இந்த ஊருக்கு வாழ வர்ற யாரும் இப்புடித்தான் வரணும், யாரும் எதையும் விட்டுட்டு வந்தமாதிரி இருக்கக்கூடாது."

அதை அக்கரையிலிருந்து ஜோசப் போனில் லோச்சனுக்கு இந்தியில் எடுத்துச் சொன்னார். லோச்சன் பொறுமையாகக் கேட்டான். ஊர் முழுக்க அவன் வாயைப் பார்த்தது. வேம்பு பெட்டியை இன்னும் தலையிலிருந்து இறக்கவில்லை.

"நான் ஊரு பாக்கல" என்றான் அவன், தனக்கு வந்த தமிழில். "வழி முழுக்க இவங்கதான் தெரிஞ்சாங்க."

அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நாட்டாமையிடம் வழக்கம் எதுவும் இல்லை.